அதிகாரி ஒருவர்

“பதினெட்டுப் படத்துல பதினொண்ணைத் தூக்கி வெளிய வைம்மா” என்றார் வழிகாட்டி அதிகாரி.

அவளுக்குப் பகீர் என்றது. ஓவியக் கல்லூரியை விட்டு வந்த இரண்டு வருஷமாக அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு படியேறாத கம்பெனி இல்லை. ஒருத்தரும் அதை இவ்வளவு அக்கறையாகத் திட்டியதில்லை.

சான்றிதழ் நகல் வாங்கத்தான் பழைய கல்லூரிக்கு வந்திருந்தாள். அவள் படித்தபோது பிளாஸ்டர் மூட்டைகள் அடுக்கியிருந்த அறையில் இப்போது ‘வேலைவாய்ப்பு வழிகாட்டி அலுவலகம்’ என்று பலகை தொங்கியது. கல்லூரிக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

கதவோரம் சுவரில் சின்னதாக ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. மேசை ஒன்று, நாற்காலி இரண்டு, அலமாரி ஒன்று, அதிகாரி ஒருவர். சாமான் பட்டியலில் ஆளையும் சேர்த்து எழுதிய குமாஸ்தாவை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

உள்ளே இருந்தவர் டை கட்டியிருந்தார். தடித்த கண்ணாடி, அடர்ந்த மீசை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு நாமே பத்து வயதைக் கூட்டிப் போட்டுவிடுவோம், அவளும் போட்டுக்கொண்டாள்.

“இந்த மாசத்துக்குள்ள ஏதாவது கெடைக்கணும் சார். எங்க அண்ணன் கொரியர் ஆபீஸ் கவுன்ட்டர்ல எனக்கு ஒரு சீட் சொல்லி வச்சிருக்கான். ஒண்ணாந்தேதி போய் உக்காந்துட்டேன்னா அதோட சரி, அப்புறம் நான் படம் போட மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.”

“சரி. இந்தப் பெரிய கறுப்புப் படம் யாருக்குப் புடிச்சது?”

“எங்க வாத்தியாருக்கு சார்.”

“அவர் வேலை குடுக்கறாரா?”

“இல்ல சார்.”

“அப்ப வெளிய வை.”

ஃபைலின் அடியில் எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி என்று ஏழு சின்னப் படங்கள் கிடந்தன. பொழுது போகாத நாட்களில் மரப்பலகையில் செதுக்கி அச்செடுத்தவை. அவள் வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருந்ததை அவர் எடுத்து மேலே வைத்தார்.

“எறும்புக்கு ஆறு காலும் சரியா இருக்கும்மா. இதுக்குத்தான் ஒரு எடத்துல ஆள் தேடிக்கிட்டிருக்காங்க.”

அலமாரியைத் திறந்து, விளம்பரத் துண்டுகளைத் தேதிவாரியாக ஒட்டிய நோட்டை எடுத்தார். அங்கேயே போனைப் போட்டார். “வழிகாட்டி ஆபீஸ்லேர்ந்து பேசறேங்க. பாடப்புத்தகத்துக்குப் பூச்சிப் படம் போட ஆள் கேட்டிருந்தீங்கல்ல? எங்ககிட்ட ஒருத்தங்க இருக்காங்க, செவ்வாய்க்கிழமை அனுப்பவா?”

அதற்கடுத்த நான்கு நாளும் அவரே முதலாளியாக உட்கார்ந்து அவளைக் கேள்வி கேட்டார். அவள் சுற்றி வளைத்தபோதெல்லாம், “தெரியாதுன்னு சொல்ல இவ்வளவு நேரமா?” என்று கடிந்துகொண்டார். வந்ததற்கும் போனதற்கும் ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கினார். முகம் தெரியாத ஒருத்திக்காக இப்படியும் மெனக்கெடுவார்களா என்று அவள் நெஞ்சு நெகிழ்ந்து போனாள்.

வீட்டில் அண்ணன் பொறுமை இழந்திருந்தான். “சீட்டைக் காலியா வச்சிருக்கச் சொல்லி எத்தனை நாள்தான் நான் பல்லைக் காட்டறது?”

“ரெண்டே நாள் பொறுண்ணா.”

புதன்கிழமை ஆர்டர் கைக்கு வந்தது. அறிவியல் புத்தகப் பிரிவில் ஓவியர் வேலை. அண்ணனிடம் சொல்வதற்கு முன்னால் கல்லூரிக்குத்தான் ஓடினாள்.

அறையில் கல்லூரி முதல்வர் நின்றுகொண்டிருந்தார். கூடவே வெளியாட்கள் இரண்டு பேர். ஒருவர் மேசையைத் தட்டிப் பார்த்தார். வயதான இன்னொருவர் ரெஜிஸ்டரைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். ஆபீஸை மூடப் போகிறார்கள் என்றே அவளுக்குப் பட்டது.

“சார், இவரை எதுவும் பண்ணிடாதீங்க” என்றாள் மூச்சு வாங்க. “இவர் இல்லன்னா எனக்கு வேலையே கெடைச்சிருக்காது. இதோ ஆர்டர்.”

அதிகாரி வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு அவள் ஆர்டரைப் பெரியவர் கையிலேயே திணித்தாள்.

அவர் ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தார். “இது நெஜக் கம்பெனியாம்மா?”

“ஆமா சார். வேணும்னா போன் போட்டு விசாரிச்சுக்கங்க.”

பெரியவர் முகம் கறுத்துவிட்டது. முதல்வரிடம் திரும்பினார். “கடைசி வருஷப் பரீட்சைக்கு உங்க பையன் ஒருத்தன் கற்பனையா ஒரு ஆபீஸ் பண்ணி, தானே அதிகாரியா உக்காந்திருக்கான்னுதானே எங்களை மார்க் போடக் கூப்பிட்டீங்க? இவன் என்னடான்னா நெஜமாவே வேலை வாங்கிக் குடுத்திருக்கான். இதைப் போய் எப்படிங்க கலைப் படைப்புன்னு பாஸ் போடறது?”

ஆர்டரை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மார்க் தாளில் சிவப்பு மையால் ஒரு கோட்டை இழுத்தார். மூன்று பேரும் வெளியே போனார்கள்.

ஆர்டரைக் கையில் பிடித்தபடி அவள் விக்கித்து நின்றாள். நல்லது செய்யப் போய் அவன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்றிருந்தது.

அவன் டையைக் கழற்றி மடித்து வைத்தான். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் முன்னால் தயங்கி நின்றான்.

“அக்கா, உங்க ஆபீஸ்ல இன்னொரு எடம் காலி இருக்கா?”