மச்சானின் விடுதலை

மச்சான் உள்ளே வந்ததும் பாட்டு பாதியில் நின்றது.

தேடப்படும் திருடன் தானாகவே ஸ்டேஷனுக்கு வந்து, "டீ இருக்கா?" என்று கேட்டால் எப்படிப் பார்ப்பார்களோ, ஜெபக்கூட்டம் மொத்தமும் அப்படிப் பார்த்தது.

கண்ணாடிக்காரர் மட்டும் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி விற்பவர் அவர். வந்து நின்றது அவர் மனைவியின் அண்ணன்.

"ஏம்மா, புள்ளைய ஏன் என் வீட்டுப் பக்கமே அனுப்ப மாட்டேங்கிற? மாமன் நான் என்ன பண்ணேன்?"

தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

என்ன பண்ணினார் என்பது அவரைத் தவிர அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு போனில் பார்க்கக் கூடாததைப் பார்க்கும் பழக்கம். அதிலிருந்து மச்சானுக்கு விடுதலை கேட்டு மாதக்கணக்கில் முழங்கால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். உபவாசம் இருந்தே தங்கச்சி பாதியாக இளைத்துவிட்டாள்.

ஜெபக்குறிப்பு கொடுத்தது கண்ணாடிக்காரர்.

அங்கே பெயரைச் சொல்லித்தான் ஜெபம் கேட்க வேண்டும். பெயரில்லாத ஜெபம் விலாசமில்லாத பார்சல் என்பது போதகரம்மாவின் சட்டம். அன்றைக்கு மனம் உடைந்து, அழுதுகொண்டே எழுந்து நின்ற கண்ணாடிக்காரருக்குப் பாவம் சரியாகத்தான் வாயில் வந்தது. பெயர்தான் மாறி வந்துவிட்டது.

போதகரம்மா மச்சானை நடுவில் உட்காரவைத்து, பக்குவமாக விஷயத்தைச் சொன்னார்.

மச்சான் ஆடிப்போனார். "ஐயோ, என்னோடது பட்டன் போனுங்க!"

"அப்போ இன்னொரு போனை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க, பிரதர்?"



இவருக்காக அதிகப் பாரத்தோடு, மனம் உருகி ஜெபித்தவரே கையை வைக்கட்டும் என்றார் போதகரம்மா. கண்ணாடிக்காரர் மச்சானின் வழுக்கைத் தலையில் கையை வைத்தார்.

"ஆண்டவரே, இந்த மனுஷனுக்கு வெக்கமா இருக்கு. விடணும்னுதான் நினைக்கிறான், விட முடியல. பொண்டாட்டி மூஞ்சிய நேரா பாக்க முடியல..."

பொய்யே இல்லாத ஜெபம். தேம்பித் தேம்பி அழுதார். பின்வரிசைப் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

மச்சானுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

ஆமென் சத்தத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. மச்சான் மட்டும் அந்தக் கைக்கு அடியிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கினார். மாப்பிள்ளையைப் பார்த்தார். கண்ணை மூடிக் கைகூப்பியிருந்த தங்கச்சியைப் பார்த்தார். வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, இருந்துச்சு. எனக்குத்தான் இருந்துச்சு" என்றார். "இப்ப விட்டுருச்சு. இனிமேலாவது புள்ளைய அனுப்பும்மா."

கூடம் அதிர்ந்தது. ஸ்தோத்திரம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. தங்கச்சி அண்ணன் தோளில் சாய்ந்து கதறினாள்.

"இனிமே இவருக்காக யாரும் பாரப்பட வேண்டாம். ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டாச்சு" என்று முடித்துவைத்தார் போதகரம்மா.

கண்ணாடிக்காரருக்காக இந்த உலகத்தில் நடந்துகொண்டிருந்த ஒரே ஜெபம் அதோடு நின்றுபோனது.

"வேற யாருக்காச்சும் பாரம் இருக்கா?"

கண்ணாடிக்காரர் எழுந்தார். மச்சான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. சொல்லிடு மாப்ள, சொல்லிடு என்று கெஞ்சுவதுபோல் இருந்தது.

"எனக்கு..." என்று ஆரம்பித்தார்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு ஒரு தம்பி இருக்கான்" என்றார்.