லேபிள் உரித்த வைன்

"சுவாமியார் வர இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கு. அதுக்குள்ள பன்னிரண்டையும் உரிச்சு முடிக்கவேணும்" என்று பாத்ரூமுக்குள்ளிருந்து செசீலியா குரல் கொடுத்தாள்.

குளிக்கிற தொட்டி நிறையச் சுடுதண்ணீர். அதற்குள் பன்னிரண்டு சிவப்பு வைன் போத்தல்கள் அமுங்கிக் கிடந்தன. செசீலியா பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கறிக்கத்தியால் லேபிளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

நேற்றுவரைக்கும் இதே வைனைச் சொல்லிச் சொல்லித்தான் துள்ளினாள்.

இன்றைக்கு மகளுக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். எண்பத்தேழாம் ஆண்டு சுவிஸின் ஓல்டனில் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அப்படியிருக்க, பங்குச் சுவாமியார் ஹூபர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வர ஒத்துக்கொண்டதே பெரிய காரியம். மாதம் ஒருக்கால் தமிழ்ப் பூசை வைக்க லூசேர்னிலிருந்து தமிழ்ச் சுவாமியார் ஒருவர் வர ஆயத்தம், கோயில்தான் இல்லை. கோயிலைத் தரச்சொல்லி ஹூபருக்கு இரண்டு கடிதம் எழுதியும் பதில் வரவில்லை. சாப்பிட்டு, குடித்து, மனுசன் குளிர்ந்திருக்கிற நேரம் பார்த்துக் கேட்டுவிடவேண்டும். அதற்குத்தான் இவ்வளவு ஆயத்தமும்.

வைனைப் பிடித்துக்கொண்டு வந்தது அவள் புருசன் றேமன்ட். சரக்கு ஸ்டேசனில் அவனோடு வேலை செய்கிற இத்தாலிக்காரர் காட்டிவிட்டது. புறூனோ என்று ஒருவன், மூன்று சாதித் திராட்சையை ஒரே தொட்டியில் போட்டு மிதித்துச் செய்கிறானாம். ஊர் வழக்கத்துக்கு மாறாகக் கலப்பதால் ஊர்ப் பெயரை லேபிளில் போட விடமாட்டார்களாம். வெறும் மேசை வைன் என்று நாலு பிராங்குக்குக் கொடுக்கிறான். ஒரு வாய் குடித்துப் பார்த்த செசீலியா, நாவல்பழம் தின்ற நாக்குமாதிரி இருக்கு, இருபது பிராங்குக்கு விற்கிறவன் வெட்கப்படவேணும் என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

காலைப் பூசை முடிந்து, மேல்வீட்டுப் பேர்சி கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்தபோதுதான் வினை வந்தது. அவனுக்கும் அதே ஸ்டேசனில்தான் வேலை. லேபிளைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, உந்தப் புறூனோ முந்திச் சுவாமியார். அங்கியைக் கழட்டிப்போட்டுக் கலியாணம் கட்டினவர். இப்ப மூண்டு பிள்ளையள்."

செசீலியாவின் முகம் சுண்டிப்போயிற்று. கொன்வென்ற்றில் பத்து வருசம் படித்தவள் அவள்.

"அங்கியைக் கழட்டினவன்ர கையால பிழிஞ்சதை, அங்கி போட்ட சுவாமியாருக்கு ஊத்திக் குடுக்கிறதோ? தமிழ்ப் பூசைக்கு ஒரு மெழுகுதிரிகூடத் தரமாட்டார்."

"அப்ப என்ன செய்வம்? ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் பூட்டு. ஊத்திப்போட்டுத் தோடம்பழத் தண்ணி குடுப்பமோ?" என்றான் றேமன்ட்.

"இஞ்சருங்கோ, விசர்க்கதை கதையாதையுங்கோ. இப்பிடி ஒரு வைனை ஆரும் ஊத்துவினமோ? லேபிளை உரிச்சால் சரி."

உரித்தார்கள். தொட்டித் தண்ணீரில் புறூனோவின் பெயர் துண்டு துண்டாக மிதந்தது.

சுவாமியார் சொன்ன நேரத்துக்கு மணி அடித்தார். மகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். ஆட்டிறைச்சிக் கறி நெற்றியில் வேர்வையை வரவழைத்தும் இரண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டார். இதுதான் நேரம் என்று செசீலியா தன்னுடைய கொன்வென்ற் இங்கிலிஷைத் துடைத்தெடுத்துக்கொண்டு தமிழ்ப் பூசைக் கதையைத் தொடங்கினாள். ஒரே மூச்சில் சொல்லியும் முடித்தாள்.

சுவாமியார் கிளாஸை எடுத்தார். வைனில் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு போத்தலை எடுத்து, லேபிள் இருந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார். பசை பிசுபிசுத்தது.

"இதை எங்கே வாங்கினீர்கள்?"

"கடையிலதான், ஃபாதர்."

றேமன்ட் முகட்டைப் பார்த்தான். பேர்சிக்குப் புரையேறியது.

"எந்தக் கடையில்?"

மகளின் முதல் நன்மையன்று, நன்மை கொடுத்தவரின் முகத்தைப் பார்த்து இரண்டாவது பொய் சொல்லச் செசீலியாவுக்கு நாக்கு எழும்பவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்: புறூனோ, அங்கி, கலியாணம், மூன்று பிள்ளைகள், சுடுதண்ணீர், கறிக்கத்தி. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தாள். தமிழ்ப் பூசை அவ்வளவுதான்.

சுவாமியார் கிளாஸில் இருந்த கடைசித் துளிவரை குடித்துவிட்டு எழும்பினார். மேசையிலிருந்த திறக்காத போத்தல் ஒன்றை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் கோயில் உங்களுக்கு. இந்தப் போத்தல் முதல் தமிழ்ப் பூசைக்கு இருக்கட்டும். புறூனோவும் நானும் ஒன்றாகக் குருமடத்தில் படித்தவர்கள். அவன் அங்கியைக் கழற்றி, ஊரே அவனை ஒதுக்கிய நாளிலிருந்து எங்கள் கோயில் பீடத்தில் பூசைக்கு ஏறுவது அவனுடைய வைன்தான்."