ஆயில் மாத்த வந்த கார்

"பிரேக் முழுசும் மாத்திடு நசீர். நாலு டயரும் இருக்கறதுலயே உசத்தியா போடு. மழையில துளிகூட வழுக்கக் கூடாது."

சுந்தர்சிங் வாத்தியார் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார். முடிச்சூர் ரோட்டு மெக்கானிக் ஷெட்டில், அந்தச் சின்ன வெள்ளைக் காரை அவர் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னா சார், ஆயில் மாத்த வந்த வண்டிக்குப் போய் இவ்ளோ செலவா?"

"அபிகாயிலுக்கு நிறைமாசம்ப்பா. வலி எடுத்தா இதுலதான் ஆஸ்பத்திரிக்குப் போகணும். ரோடு பூரா பள்ளம். உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன், இன்னிக்கே முடிச்சிடு."

சாயங்காலம் நசீருதீன் வேலையை முடித்துவிட்டுக் கையைத் துடைத்தான். வாத்தியார் தானே உள்ளே ஏறி, பிரேக்கை அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு இறங்கி, சாவியை அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"சாஜித் வந்து வண்டிய எடுக்கும்போது, ஏதோ ஆஃபர்ல போட்டேன்னு சொல்லிடு. நான் வந்ததா மூச்சு விடாதே."

"மருமவன் மேல இன்னும் கோவமா சார்? நீங்க பண்ணதுன்னு தெரிஞ்சா அபிகாயில் எவ்ளோ சந்தோஷப்படும்."

வாத்தியார் குடையை விரித்தார்.

"அவ கல்யாணத்தன்னிக்கு, எனக்குப் பொண்ணே இல்லன்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். தெரிஞ்சா, அவ இந்தக் கார்ல ஏற மாட்டா."