சர்க்கரை வந்த நாள்

கரும்புச் சக்கையைக் கரைப்பானில் ஊறவைத்து, நொதி சேர்த்து, அதைச் சர்க்கரையாக்கத் திலகவதி ஒன்பது வருடம் மல்லுக்கட்டினாள். உடனிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அன்று மத்தியானம் சோதனைக் கருவி முதன்முறையாக நிறையச் சர்க்கரை காட்டியது. ஆய்வகத்தில் சொல்ல ஆளில்லை. ஊரிலிருந்த அக்காவுக்கு ஃபோன் செய்தாள்.

"சர்க்கரை வந்துடுச்சுக்கா!" சொல்லும்போதே குரல் உடைந்தது.

"ஐயையோ! அழாதடி. இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான். மாத்திரை குடுத்தாங்களா? ஒத்தையில கெடந்து என்னத்தச் சாப்பிட்டியோ... நான் வேணா வந்து பத்து நாள் கூட இருக்கட்டுமா?"

அது இல்லையென்று சொல்லத் திலகவதி வாயெடுத்தாள். அவள் வீட்டில் கடைசியாக யாராவது வந்து தங்கி நான்கு வருடமாகியிருந்தது.

"வாக்கா," என்றாள்.