தேயாத கை

அரியலூர் சிமென்ட் ஆலையில், கல் சரியும் குழாய்கள் தேயாமலிருக்க உள்ளே அலுமினா பீங்கான் பதித்திருந்தார்கள். போன வருடம் அதையே தொழிலாளர்களின் கைகளிலும் பூசினார்கள். அமுதவல்லியின் கையில் அதன்பின் கீறலே விழவில்லை.

நேற்றுக் காலை தன் குழந்தை கவினின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். மாலையில் அவனுக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலையிலேயே காய்ச்சல் கொதித்திருக்கிறது. அவள் கைக்குத் தெரியவில்லை.

இன்று மேலாளரிடம் இடது கையை நீட்டினாள்.

“இதுல பூசுனத எடுத்துடுங்க சார்.”

“எடுத்தா திரும்பப் பூச முடியாதும்மா. அப்புறம் பாதி வேலைதான்.”

“பரவால்ல. வலது கை ஆலைக்கு இருக்கட்டும். இது எம் புள்ளைக்கு வேணும்.”

சுரண்டி எடுத்த தோல் எரிந்தது. அந்தக் கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய் மகனின் கன்னத்தைத் தொட்டாள்.

நர்ஸ் வருவதற்கு முன்பே, “காய்ச்சல் விட்டுடுச்சு” என்றாள்.