சாயம் கொண்டு வாங்க

"டீச்சர், நீங்க கேட்ட சாயம்! இன்னும் சூடு ஆறல, பாத்துப் புடிங்க!"

சுமன் நீட்டிய கண்ணாடிப் போத்தலில் செக்கச்செவேலென்று வெறும் தேநீர். அவனுக்குப் பின்னால் இரண்டாம் வகுப்பு முழுவதும் வரிசையில் நின்றது. ஆளுக்கொரு போத்தல், தகர டின், மூடி போட்ட கோப்பை. ஆசிரியப் பயிற்சிக்கு வந்திருந்த ஷெரோமி போத்தலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வகுப்பாசிரியர் சுதாகரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மிஸ், கொழும்புல சாயம்னா கலரா இருக்கலாம். நம்ம தோட்டத்துல சாயம்னா பால் ஊத்தாத தேத்தண்ணி! இப்ப மேடம் வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"மன்னிச்சுக்குங்க சேர்."

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பயிற்சிக் கல்லூரி மேடம் இன்று அவளுடைய சித்திரப் பாடத்தைப் பார்க்க வருகிறார். பாடம் சொதப்பினால் பயிற்சியை வேறு பள்ளிக்கூடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வட்டவளைக்கு மேலே, பஸ்ஸே ஏறி வராத இந்தத் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போக வேறு யாரென்றாலும் சந்தோஷப்படுவார்கள். ஷெரோமிக்கோ அதை நினைக்கவே பிடிக்கவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டு வந்த இடம். அட்டை கடித்தாலும் அடைமழை பிடித்தாலும் அவள் முகம் சுளித்ததில்லை. ஏன் என்று கேட்டால், "குளிர் புடிச்சிருக்கு சேர்" என்று மழுப்புவாள்.

சித்திரம் சொல்லிக்கொடுக்கத்தான் தடுமாறினாள். முதல் வாரம் லோஜினியின் கையைப் பிடித்து ஒரு வீடு வரைந்து காட்டினாள். "கைய விடுங்க டீச்சர், வலிக்குது" என்றது பிள்ளை. அன்றிலிருந்து அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளப் பழகினாள். ஆனாலும் லோஜினியின் தாள் மட்டும் இன்றுவரை வெள்ளையாகவே இருந்தது. அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"சரி, கலர் இல்லாட்டி என்ன? சாயத்துலயே வரைவோம்" என்றாள். "ஆனா போத்தலுக்குள்ள யாரும் பிரஷ் விடக் கூடாது. நான் ஊத்தித் தருவேன்."

"லோஜினி வீட்டுச் சாயத்தக் குடிச்சிராதீங்க டீச்சர்! அவங்கம்மா சீனியோட உப்புக்கல்லும் போடுவாங்க!" சுமன் போட்டுக்கொடுத்தான். வகுப்பே சிரித்தது. லோஜினியின் தலை கவிழ்ந்துவிட்டது.

"உப்புப் போட்டாத்தான் கலர் மங்காது" என்று ஷெரோமி ஒரே போடாகப் போட்டாள். அது உண்மையா என்று அவளுக்கே தெரியாது.

மேடம் உள்ளே வந்தபோது வகுப்பில் சத்தமே இல்லை. லேசான சாயம் பனிமூட்டமாகியிருந்தது. அது காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு, அது மலை. டின்னின் அடியில் கிடந்த கறுத்த சாயம் லயத்து வீடுகளின் கூரை. லோஜினி நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு பெண்ணை வரைந்திருந்தாள்.

"இது யாரும்மா?" என்றாள் ஷெரோமி, கைகளைப் பின்னால் இறுக்கிக்கொண்டு.

"அம்மா. மலையில கொழுந்து எடுக்கிறாங்க. மழ வந்துருச்சு."

"மழை எங்க?"

"இந்தா!" பிள்ளை பிரஷை உதறியது. தாளிலும் துளி, டீச்சர் சேலையிலும் துளி. அவள் அதைத் துடைக்கவில்லை.

மேடம் படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். "தேத்தண்ணியில சித்திரமா! திட்டம் போட்டுச் செஞ்சீங்களா?"

"இல்ல மேடம், சொல்லு மாறிப்போச்சு."

"நல்லதுக்குத்தான் மாறியிருக்கு. ஹட்டன் டவுன் பள்ளிக்கூடத்துல சித்திரத்துக்கு ஆள் கேக்கிறாங்க. அனுப்பட்டுமா?"

"வேணாம் மேடம்" என்று சட்டென்று சொன்னாள். "இங்கயே இருந்துக்கிறேன்."

பிழைக்கத் தெரியாத பெண் என்று சுதாகரன் தலையில் அடித்துக்கொண்டார். மேடம் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

பள்ளிக்கூடம் விட்டதும், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு மலையிலிருந்து நேரே வந்து நின்றாள் லோஜினியின் அம்மா வீரம்மா.

"கும்புடுறேங்க டீச்சர். சாயம் பத்துச்சுங்களா?"

"பத்துச்சுங்க."

"இவளுக்குச் சேட்ட சாஸ்தி. ஒங்க தங்கச்சியா நெனச்சு, ரெண்டு அடி போட்டுச் சொல்லிக் குடுங்க." வீரம்மா கையை நீட்டினாள். "போத்தலக் குடுங்க, கொண்டுபோயி கழுவிக்கிறேன்."

"இன்னும் கொஞ்சம் இருக்குங்க. நாளைக்குத் தர்றேன்."

தாயும் மகளும் கொய்யா மரத்து வளைவில் மறையும்வரை ஷெரோமி வாசலிலேயே நின்றாள். லோஜினி படத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு போனாள். அந்தப் பக்கம் யாருமில்லை என்று ஆனதும் ஷெரோமி உள்ளே வந்து, வகுப்பறைக் கதவைச் சாத்தி, லோஜினியின் போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள்.

ஆறிப்போயிருந்தது. உப்பு மட்டும் அப்படியே இருந்தது.

ஐந்து வயதில் இதே தோட்டத்திலிருந்து தத்துக்குப் போய், பேர் மாறி, ஊர் மாறிக் கொழும்புக்காரி ஆனவளுக்குச் சாயம் என்ற சொல் ஒருநாளும் மறந்ததில்லை. வீரம்மாவிடம் "நான்தாம்மா" என்று சொல்லத்தான் இன்னும் நாக்கு எழவில்லை. அம்மா கையால் போட்ட சாயம் ஒரு வாய் குடிக்க, அந்தச் சொல்லின் தோட்டத்து அர்த்தம் தெரியாதவள்போல் நடிப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.