முட்டைச் சாயம்

“உங்க முட்டைக்குச் சாயம் பூசியிருக்கீங்கன்னு மொட்டைக் கடுதாசி வந்திருக்கும்மா. சோதிச்சுப் பார்த்தாகணும்” என்றார் நடுவர்.

தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் மனைவி கொல்லையில் வளர்க்கும் கோழி இட்ட முட்டைகள் அவை. இளம் ஊதா நிறத்தில் ஆறு. அந்தக் கோழிக் கண்காட்சியில் வேறு எந்த மேஜையிலும் அப்படியொரு நிறம் இல்லை. சாயம்தான் என்று முடிவானால், இனி ஆயுசுக்கும் அவள் போட்டியில் கலந்துகொள்ள முடியாது.

நடுவர் ஈரத்துணியால் ஒரு முட்டையைத் துடைத்தார். ஊதா போய், அடியில் பழுப்பு தெரிந்தது. அதற்குள் அரங்கமே அந்த மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டது. சாயம் வெளுத்துவிட்டது என்று யாரோ சிரித்தார்கள். முப்பது வருடமாகச் சாயம் போகிற துணிகளோடு மல்லுக்கட்டும் தையல்காரருக்கே ஒரு கணம் சந்தேகம் தட்டியது. பெண்டாட்டியைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

அவளோ அசரவில்லை. கோழி பக்கத்துக் கூண்டில்தான் இருக்கிறது, முட்டையிடும் நேரமும் ஆகிவிட்டது, அதையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

முக்கால் மணி நேரம் அத்தனை பேரும் கூண்டை முற்றுகையிட்டார்கள். கோழி யாரையும் சட்டை செய்யவில்லை. வைக்கோலைக் கிளறியது, உட்கார்ந்தது, எழுந்தது, ஒருவழியாக முட்டையிட்டது. ஈரம் பளபளக்கப் பழுப்பாக விழுந்த முட்டை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து ஊதாவானது. நடுவர் துடைத்தார். அந்த ஊதாவும் துணியோடு வந்தது.

“சாயமில்ல சார், போர்வை” என்றாள் அவள். “முட்டை வெளிய வர்றப்ப ஒவ்வொரு கோழியும் கடைசியாப் போர்த்தி அனுப்புறது. ஓட்டுல இருக்கிற பொடிப்பொடித் துளை வழியாக் கிருமி உள்ள போகாது. எங்க கோழி அதைக் கொஞ்சம் தாராளமாப் போர்த்தும், அதான் இந்த நிறம். அதனாலதான் நான் முட்டையைக் கழுவுறதே இல்ல.”

நடுவர் மன்னிப்புக் கேட்டு முதல் பரிசுக் கோப்பையை அவள் கையில் கொடுத்தார். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. தையல்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. முட்டையைத் தானே இட்டதுபோலக் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடுவரை நடந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும்தான் கோபம் தலைக்கேறியது. சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

“அந்த மொட்டைக் கடுதாசியை நடுவர்கிட்ட கேட்டு வாங்கிட்டேன். கையெழுத்தை வெச்சு ஆளைப் பிடிக்காம விடமாட்டேன், பாரு.”

“அதை விடுங்க” என்றாள் அவள், கோழியைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டபடி. “போன வருஷம் இதே நிறத்து முட்டையை ஒருத்தரும் குனிஞ்சுகூடப் பார்க்கலை. இந்தத் தடவை கூட்டமே சுத்தி நின்னு பார்த்துச்சு, அது போதும். கையெழுத்தெல்லாம் பிடிபடாதுங்க, இடது கையாலதான் எழுதினேன்.”